களிம்புப் பச்சை

பார்பராவுக்கு மூக்குக்கு மேலே கோபம் என்று எஸ்டேட்டில் சொல்வார்கள். மூக்குக்கு மேலேயாவது! தலைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் எரிந்துகொண்டிருக்கும் என்பதுதான் நிஜம். வயது ஐம்பது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாட்டுக்குழு சுருதி தப்பினால் ஜெபமாலையை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பி ஒரு பார்வை பார்ப்பாள். கீபோர்டு வாசிக்கிறவர் கை தானாக நின்றுவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாயிலிருந்து பொய் வராது. "பார்பரா சொன்னாளா? அப்ப சரி" என்று எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைனில் எத்தனையோ சண்டைகள் முடிந்திருக்கின்றன. அப்படிப்பட்டவள் மாதா மேல் சத்தியம் பண்ணிச் சொன்ன வார்த்தை பொழுது சாய்வதற்குள் பல்லை இளித்துவிட்டது. அந்தக் கதைதான் இது.

ரிங்லெட் என்ற மலைச் சிற்றூருக்கு மேலே இருக்கும் தேயிலை எஸ்டேட்டில் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர, பன்னிரண்டு வயது இளையவனான தம்பி மார்கஸை ஆளாக்கியது அவள்தான். எஸ்டேட் நர்சரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை. தாய்ச் செடியிலிருந்து ஒரு கணு, ஒரு இலை என்று பிளேடால் சாய்வாக நறுக்கி மண் பையில் ஊன்றுகிற வேலை. வெட்டு கோணினால் நாற்று அழுகிவிடும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்கு மேல் நறுக்குவாள், அழுகினது என்று ஒன்றைக் காட்ட முடியாது.

கல்யாணம் ஆகவில்லை. மூன்று தடவை பெண் பார்க்க வந்தார்கள். முதலில் வந்தவர்கள், "பொண்ணு தங்கமான பொண்ணு, கொஞ்சம் கலருதான் கம்மி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டாவது வந்தவர்கள் அதைக்கூடச் சொல்லவில்லை, பலகாரத்தை மட்டும் காலி பண்ணிவிட்டுப் போனார்கள். மூன்றாவது தடவை மாப்பிள்ளையின் அக்கா வாயைத் திறப்பதற்குள் பார்பரா தேத்தண்ணித் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, "கலரு வேணும்னா டவுன்ல பெயிண்ட் கடை இருக்கு, வாங்கிப் பூசிக்கிங்க லா" என்று சொல்லிவிட்டாள். அதோடு யாரும் வரவில்லை. அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை.

நர்சரியில் ஆள் குறைத்தபோது பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் பெருக்கப் போனாள். வீட்டுக்காரி பெயர் மஹ்னாஸ். ஈரான்காரி, நாற்பது வயது, கோலாலம்பூருக்குப் படிக்க வந்து, குளிருக்காக மலை ஏறியவள். அவள் செய்தது பார்பரா அதுவரை கண்ணால் காணாத வேலை. பாரசீகத்தில் அந்தக் காலத்து அரண்மனைப் புத்தகங்களுக்கு வரைவார்களாமே, அந்த மாதிரிச் சித்திரங்கள். இரண்டு உள்ளங்கை அகலத்தில் ஒரு தாள், நடுவில் காதல் பாட்டு, சுற்றிலும் தோட்டம், தங்க ரேகை, ஜன்னலில் வெள்ளை வெளேரென்று நிலா முகத்தோடு ஒரு பெண், வாசலில் அவளுக்காக உருகிக்கொண்டு ஒருத்தன்.

பெருக்க வந்தவள் பெருக்கிவிட்டுப் போயிருக்கலாம். மஹ்னாஸ் தாளை நறுக்குகிற அழகைப் பார்த்துவிட்டு பார்பராவால் சும்மா இருக்க முடியவில்லை. "பிளேட புடிக்கிற மொறயா இது? கைய எடுங்க" என்று பிடுங்கி ஒரே இழுப்பில் நறுக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு மஹ்னாஸ் துடைப்பத்தை வாங்கி மூலையில் வைத்துவிட்டு, பூனை முடியில் கட்டிய ஒரு தூரிகையைக் கையில் கொடுத்து, "ஓர் இலை போடு, பார்க்கலாம்" என்றாள். போட்டாள். இலையென்றால் இலை, நரம்போடு! அந்தத் தொழிலில் ஆதி முதலே ஆளுக்கு ஒரு வேலை. கோடு ஒருத்தர், முகம் ஒருத்தர், தங்கம் ஒருத்தர். இந்த வீட்டில் கோடும் முகமும் தங்கமும் மஹ்னாஸ். பச்சை என்று இருப்பதெல்லாம் பார்பரா. புல், மரம், கொடி, காதலன் போட்டிருக்கும் அங்கி, எல்லாம். வீட்டுக்கு வருகிறவர்களிடம் மஹ்னாஸ், "இவள்தான் என் பச்சை" என்றே அறிமுகப்படுத்துவாள். லைனில் யாருக்கும் தெரியாமல் பார்பரா அந்த வார்த்தையை மனதுக்குள் பூட்டி வைத்திருந்தாள்.

பச்சை எதிலிருந்து வருகிறது என்று தெரிந்த அன்று ஒரு சண்டை நடந்தது. மஹ்னாஸ் செம்புத் தகடுகளைப் புளிக்காடி ஜாடிக்குள் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் மூடி வைத்து, மேலே பூக்கிற களிம்பைச் சுரண்டி எடுத்தாள். "ஐயோ ஆண்டவரே! இது களிம்பு, விசம்! எங்க வூட்டு செம்புக் கொடத்துல இது புடிச்சா புளி போட்டுத் தேய்ச்சு ஒழிப்போம். நீங்க ஜாடியில வச்சு வளக்குறீங்க!" இருவரும் பேசிக்கொள்வது மலாயில். பார்பரா மலாய் பேசினாலும் தமிழில் திட்டுவது மாதிரியேதான் கேட்கும். மஹ்னாஸ் சிரித்துவிட்டு, அக்காவைக் கூப்பிடும் மலாய் வார்த்தையில், "காக், இன்னும் ஒன்று கேள்" என்றாள். இந்தப் பச்சைக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. காலப்போக்கில் கீழே இருக்கும் காகிதத்தையே தின்றுவிடும். தின்னாமல் இருக்க அதற்கு ஒரே கடிவாளம் குங்குமப்பூ. பூவை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைப் பச்சையில் கலக்க வேண்டும். உஸ்தாதுகள் என்று சொல்லும் பழைய ஓவிய ஆசான்கள் கண்டுபிடித்த வழி. பூ ஈரானில் மஷ்ஹதிலிருந்து வரும், மஹ்னாஸின் அம்மா தன் கையால் கிள்ளிக் காயவைத்து ஒரு தகரப் பெட்டியில் அடைத்து அனுப்புவது.

பாட்டைப் பற்றியும் சண்டைதான். மஹ்னாஸ் ஒருநாள் ஒரு வரியை மலாயில் சொன்னாள்: "என்னைத் தின்று தீர், பிறகும் பசித்தால் என் நிழலைத் தின்."

"திங்கச் சொல்றவன் பேரு காதலனா, கறிக்கடைக்காரனா?"

"அது பெண் இல்லை காக். கடவுள். ஜன்னலில் இருப்பது கடவுள், வாசலில் நிற்பது மனுஷன்."

"சாமி மனுசன திங்குமா? எங்க கோயில் பூசையில சாமிதான் அப்பமா தன்னையே திங்கக் குடுக்குது. நல்லா கேட்டுக்கிட்டீங்களா?" என்று தூரிகையை நீட்டிச் சொன்னாள் பார்பரா.

இப்படி ஐந்து வருஷம் ஓடியது. மலைமேலேயே பிரிஞ்சாங் ஊரில் ஒரு புது ஓட்டல் எழும்பியது. அதன் கல்யாண மண்டபத்துக்கு எட்டுச் சித்திரங்கள் வேண்டுமென்று ஓட்டல் மேனேஜர் குகனேஸ்வரன் வந்து கேட்டான். பார்பராவின் எஸ்டேட்டில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவரின் மகன்தான். ஏழு முடிந்தன. எட்டாவதற்குக் கோடு, முகம், தங்கம் எல்லாம் ஆகி, பச்சை மட்டும் பாக்கி இருக்கும்போது மஷ்ஹதிலிருந்து தகவல் வந்தது, அம்மா கடைசிக் கட்டத்தில் இருக்கிறாள் என்று. மஹ்னாஸ் இரண்டு மாதத்துக்கு ஊருக்குப் போனாள். தானா ராத்தா வீட்டுப் பூட்டு சரியில்லாததால், குங்குமப்பூப் பெட்டியை பார்பரா கையில் கொடுத்து, "உன் வீட்டில் வை" என்றாள். பார்பரா அதைத் தன் அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போது மார்கஸின் மனைவி வனஸ்ஸாவுக்கு நாலு மாதம்.

பார்பரா பச்சையை முடித்தாள். ஓட்டல் திறந்தார்கள். மஹ்னாஸ் அம்மாவைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பூ தீர்ந்துபோய் வெறுமையாக இருந்த பெட்டியை, "அம்மா ஞாபகமாக நீயே வைத்துக்கொள்" என்று பார்பராவிடமே விட்டாள். வனஸ்ஸாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. கிளாரிசா என்று பெயர் வைத்தார்கள்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை குகனேஸ்வரன் எட்டாவது சித்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தான். பார்பரா கைவேலையை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தாள். பச்சை எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் தாள் பழுப்பாகிப் பொரிந்து வெடித்திருந்தது. பச்சை அங்கி போட்ட காதலன் தாளைவிட்டுத் துண்டாகக் கழன்று, கண்ணாடிக்குள் அடியில் விழுந்து கிடந்தான். ஜன்னலில் அந்த வெள்ளை முகம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"மத்த ஏழும் நல்லாத்தான் இருக்கு. மேடம் ஊர்ல இல்லாதப்ப செஞ்சது மட்டும்தான் இப்படி" என்றான் குகனேஸ்வரன், மஹ்னாஸைப் பார்த்துக்கொண்டு, பார்பராவுக்குக் கேட்க. "கல்யாணத்துக்கு வந்தவங்க சிரிக்கிறாங்க. லைன் ஆளுங்ககிட்ட இந்த மாதிரி வேலைய நம்பிக் குடுத்தா இப்படித்தான் லா. நாளைக்குப் பத்து மணிக்கு வர்றேன், என்ன பதில்னு சொல்லுங்க."

அவன் போன பிறகு மஹ்னாஸ் கண்ணாடியைத் திறந்து, பழுப்பை நகத்தால் தொட்டுப் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் கேட்டாள்: "காக், குங்குமப்பூ போட்டாயா?"

வந்ததே கோபம்! "என்ன கேக்குறீங்க? என்னையவா கேக்குறீங்க? ஆறேழு வருசமா கலக்குறவ நானு! மாதா மேல சத்தியம், பெட்டில இருந்தத ஒரு இழை விடாம போட்டேன். என்ன திருடின்னு நெனச்சா இப்பவே சொல்லுங்க, நான் இனிமே இந்த வாசப்படி மிதிக்கல." சத்தியம் பண்ணும்போது நெஞ்சுக்குள் ஒரு முள் குத்தியது. கோபம் அந்த முள்ளையும் மிதித்துக்கொண்டு போய்விட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். மஹ்னாஸ் கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ரிங்லெட் வரைக்கும் குகனேஸ்வரனைத் திட்டினாள். அங்கிருந்து எஸ்டேட் வரைக்கும் மஹ்னாஸைத் திட்டினாள். லைன் வீட்டை நெருங்கும்போது பின்பக்கக் குழாயடியில் வனஸ்ஸா துணி அலசிக்கொண்டு பக்கத்து வீட்டு விக்னேஸ்வரியிடம் பேசுவது கேட்டது.

"அந்த ஈரான்காரி பூவு டூப்பு போல இருக்கு க்கா. அஞ்சு மாசம் பால்ல போட்டுக் குடிச்சேன், ஒரு நாள் தவறல. செவப்பா பொறக்கும்னு அவரு அவ்ளோ ஆசப்பட்டாரு. புள்ளய பாருங்க, அப்படியே எங்க அண்ணி!"

இரண்டு பெண்களும் சிரித்தார்கள். பார்பரா சுவர் மறைவில் நின்றாள். எந்த ஈரான்காரி, எந்தப் பூ என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மசக்கைக்காரி குங்குமப்பூவைப் பாலில் போட்டுக் குடித்தால் குழந்தை செக்கச்செவேலென்று பிறக்கும் என்று நம் சனங்கள் நம்புகிறார்களே, அந்தப் பாழாய்ப்போன நம்பிக்கை அவள் அலமாரிக்குள் கை விட்டிருக்கிறது! உள்ளே போய் வெறும் பெட்டியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வனஸ்ஸா உள்ளே வந்து பெட்டியையும் அண்ணியின் முகத்தையும் பார்த்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மார்கஸ் திரிங்காப் தோட்டங்களிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். ஆறு மணிக்கு வந்தான். பெட்டியைப் பார்த்ததும் லோரிச் சாவி கையிலிருந்து விழுந்தது.

"எடுத்துட்டு உள்ள என்னடா போட்ட? படத்துல பச்ச தாளையே தின்னுடுச்சு."

"அக்கா..."

"என்னடா போட்டன்னு கேட்டேன்."

"சோளக் கதிரு முடி க்கா. கேசரிப் பவுடர்ல ஊற வச்சு, லோரி மேல காய வச்சு..." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "கடையில கேட்டேன், அசல் பூவு கெடைக்கல. நீ படத்துக்குத்தானே கலக்குற. படத்துக்கு மஞ்சளா இருந்தா போதும்னு நெனச்சேன். அது தாளத் திங்கும்னு எனக்கென்ன தெரியும்?"

"ஏண்டா செஞ்ச?"

மார்கஸ் நிமிர்ந்தான். அவனுக்கும் கண் சிவந்துவிட்டது. "ஒன்னாலதான் க்கா. மூணு தடவ வந்து பாத்துட்டுப் போனாங்களே, அப்ப நான் அடுப்புகிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டேன். நீ பட்டது போதும். எனக்குப் பொண்ணு பொறந்தா, அதுவும் ஒன்ன மாதிரி தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கக்கூடாதுன்னுதான் செஞ்சேன்."

இதைக் கேட்டதும் பார்பரா கத்துவாள் என்று மார்கஸ் பின்வாங்கினான். அவள் கத்தவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அப்ப என் மூஞ்சி உனக்குச் சீக்கு. உன் புள்ளைக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு மருந்து குடுத்திருக்க. ஒனக்குச் சோறு போட்டேன், ஸ்கூலுக்கு அனுப்புனேன், லைசன்ஸ் எடுத்துக் குடுத்தேன். இத்தன வருசமும் என்னப் பாத்து ஐயோ பாவம்னா நெனச்சுக்கிட்டு இருந்த? டேய், நான் எப்படா அழுதேன்? தட்டத் திருப்பி எடுத்தவ நானு. போனது அவங்க. ஒனக்கு மட்டும் ஏண்டா அது புரியல?"

அவன் அழுதான். அவள் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு இந்தப் பக்கம் தம்பியைத் திட்டத் திட்ட, அந்த முள் மறுபடி குத்தியது. தம்பி திருடன் என்பது நிஜம். அவள் சத்தியம் சுத்தம் என்பது நிஜமா? பெட்டியை முதல் நாள் திறந்தபோது அவளுக்குத் தெரிந்ததை அவளைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் எல்லாப் பழியும் மார்கஸோடு போய்விடும்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் தானா ராத்தா வீட்டுக்குள் நுழைந்தபோது குகனேஸ்வரன் ஏற்கனவே உட்கார்ந்திருந்தான். "இவங்கள நிப்பாட்டிடுங்க மேடம். நம்மாளுங்களப் பத்தி எனக்குத் தெரியும்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது முழுசாகக் காதில் விழுந்தது.

"தெரியுமா? அப்ப இதையும் தெரிஞ்சுக்கிங்க தம்பி," என்றாள் பார்பரா நின்றபடியே, மஹ்னாஸுக்கும் புரியும்படி மலாயில். "பூவு என் வூட்டுல திருடு போச்சு. திருடுனவன் என் தம்பி. எதுக்குத் திருடுனான்? பொண்டாட்டி பால்ல போட்டுக் குடிச்சா புள்ள வெள்ளையா பொறக்கும்னு. லைன் ஆளுங்க புத்தி லா, இல்ல? நீங்க கிராணி வூட்டு ஆளு. உங்க வூட்டுக்காரம்மா வயித்துல புள்ள இருந்தப்ப ஒரு சொட்டுகூட குடிக்கல, அப்படித்தானே?"

குகனேஸ்வரன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. மஹ்னாஸ் அவனிடம், "தப்பு என் வீட்டுத் தப்பு. மூன்று மாதத்தில் புதிதாக வரைந்து தருகிறேன். நீங்கள் போகலாம்" என்றாள். அவன் போய்விட்டான்.

இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். மஹ்னாஸ் கேட்டாள்: "உன் தம்பி மாற்றி வைத்தான். சரி. நீ மூன்று வாரம் அதைக் கலக்கினாய். ஒருநாள்கூட முகர்ந்து பார்க்கவில்லையா?"

இல்லை என்று சொன்னால் முடிந்துவிடும். மஹ்னாஸ் நம்புவாள். பார்பராவை நம்பாதவர் யார்?

"மோந்து பாத்தேன்" என்றாள். "மொத நாளே பாத்தேன். வாசமே இல்ல. அசல் பூவு மெதுவாத்தான் எறங்கும், இது தண்ணில போட்ட ஒடனே செகப்பா எறங்குச்சு. மழையில நமுத்துப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஓட்டல் தொறக்க மூணு வாரம்தான் இருந்துச்சு. உங்களக் கூப்புட்டுக் கேக்கலாம்னு போனக்கூட எடுத்தேன். நீங்க அம்மாவப் பொதச்சிட்டு ஒக்காந்திருந்தீங்க. கேக்கல. எனக்குத் தெரியாம நடக்கல மஹ்னாஸ். தெரிஞ்சுதான் பூசுனேன். நேத்து சத்தியம் பண்ணும்போதும் தெரியும்."

மஹ்னாஸின் முகம் இறுகிவிட்டது. அவளுக்கும் கோபம் வரும் என்று பார்பரா அன்றைக்குத்தான் பார்த்தாள். "அது என் அம்மா கிள்ளிய கடைசிப் பூ" என்றாள். சன்னலருகே போய் நின்றாள். பிறகு வந்து, பார்பராவின் கிண்ணத்திலிருந்து பச்சைத் தூரிகைகள் ஐந்தையும் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"திங்கள்கிழமை வா. தாள் நறுக்கு, தாளுக்குத் தேயிலைச் சாயம் போடு, இலைக்குக் கோடு போடு. பச்சையை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்."

"எப்ப வரைக்கும்?"

"தெரியாது காக்."

பார்பரா தலையை ஆட்டினாள். நியாயம்தான். பஸ்ஸில் இந்தத் தடவை யாரையும் திட்டவில்லை.

வீட்டில் வனஸ்ஸா குழந்தையைக் குளிப்பாட்டி மடியில் வைத்திருந்தாள். சாயந்திரம் யாரோ வீட்டுப் பிறந்தநாளுக்குப் போக வேண்டும். ஒரு பவுடர் டப்பாவை அழுத்தி அழுத்தி கிளாரிசாவின் நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் அப்பிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கு நடுவில் இரண்டு கண் மட்டும் உருண்டு உருண்டு விழித்தன. மார்கஸ் வாசலில் எழுந்து நின்றான். "அக்கா" என்றான். அவள் அவனைத் தாண்டிப் போனாள்.

குழந்தையைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, துவாலை நுனியைத் தண்ணீரில் நனைத்து அந்த முகத்தைத் துடைத்தாள். ஒரு கன்னம், மறு கன்னம், காதுக்குப் பின்னால். கறுப்பு பளபளவென்று வெளியே வந்தது. குழந்தை சிரித்து அவள் மூக்கைப் பிடித்தது.

"அண்ணி, இப்பதான் போட்டேன்..." என்றாள் வனஸ்ஸா.

"இந்த மூஞ்சிக்காகத்தான் என் பச்சை போச்சு" என்றாள் பார்பரா. "இதையும் நீ பூசி மறைச்சிட்டா எனக்கு என்னடி மிச்சம்?"